புது வீட்டில் விரிசல்: எது பழுது, எது இயல்பு, எது நம் பராமரிப்பு

சாவி வாங்கி ஏழாவது மாதம். எங்கள் வீட்டு ஹால் சுவரில் தரையிலிருந்து சீலிங் வரை நேர்க்கோடாக ஒரு விரிசல் விட்டது. இருபது வருடக் கடனில் வாங்கிய வீடு என்பதால் அன்று இரவு தூக்கமே வரவில்லை. பில்டரின் சைட் இன்ஜினீயரை மறுநாளே வரவழைத்தேன். ஒரு மாதம் தினமும் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அதே சமயத்தில் படுக்கையறையில், பாத்ரூமை ஒட்டிய சுவரின் அடியில், ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. அதைப் பெயிண்ட் கோளாறு என்று நினைத்தேன். சுரண்டி, பட்டி பார்த்து, என் செலவிலேயே இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன்.

ஹால் விரிசல் இன்றுவரை அதே காகித கனத்தில்தான் இருக்கிறது. பாத்ரூம் சுவருக்குள் ஓடும் குழாயில் ஓர் இணைப்பு கசிந்துகொண்டே இருந்தது மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. கீழ் வீட்டுக்காரர் தம் சீலிங்கில் படர்ந்த நீர்க்கறையைக் காட்டினார். பாத்ரூம் சுவரை உடைத்தபோது உள்ளே பூச்சு மண்ணைப் போல உதிர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான்கு வருடம் பராமரிப்புப் பொறுப்பைப் பார்த்தேன். நான் கட்டடப் பொறியாளர் இல்லை. அறுபது வீடுகளின் சுவரையும் தரையையும் மொட்டைமாடியையும் பார்த்ததிலும், எங்களுக்காக வந்து பார்த்த கட்டமைப்புப் பொறியாளரிடம் நச்சரித்துக் கேட்டதிலும் கற்றுக்கொண்டதைப் புதிதாக வீடு வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வழக்கமாகக் கட்டும் வீடு, அதாவது கான்கிரீட் பில்லரும் பீமும் எழுப்பி, இடையில் செங்கல்லோ பிளாக்கோ வைத்துச் சுவர் அடைத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"செட்டில்மென்ட்" என்ற ஒரே பதில்

புது வீட்டில் எதைக் காட்டினாலும் "செட்டில்மென்ட் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, காய்ந்து சுருங்குவது. கான்கிரீட்டிலும் கலவையிலும் பூச்சிலும் ஏராளமான தண்ணீர் இருக்கிறது. அது வெளியேற ஒன்றிரண்டு வருடம் ஆகும். வெளியேறும்போது பொருள் சுருங்கும். கான்கிரீட்டின் சுருக்கத்துக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 தரும் தோராயக் கணக்கு 0.0003. அதாவது 3 மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான பிளாக்) சுவர்களில் இந்தச் சுருக்கம் இன்னும் நன்றாகக் கண்ணில் படும்.

இரண்டாவது, வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவது. 10 மீட்டர் நீளத் தளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளம் தினமும் இப்படி நீண்டு சுருங்கும்போது அடியில் இருக்கும் சுவரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

மூன்றாவதுதான் உண்மையான செட்டில்மென்ட்: கட்டடத்தின் எடையில் மண் அமுங்கி அஸ்திவாரம் இறங்குவது. மணற்பாங்கான நிலத்தில் இந்த இறக்கத்தில் பெரும்பகுதி கட்டும்போதே முடிந்துவிடும். களிமண்ணில் வருடக்கணக்கில் தொடரும். கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் பெரிய சேதம் வராது. ஒரு மூலை மட்டும் அதிகமாக இறங்கினால்தான் ஆபத்து.

ஆகவே யாராவது "செட்டில்மென்ட்" என்று சொன்னால், "எது இறங்குகிறது, பூச்சு சுருங்குகிறதா, அஸ்திவாரம் இறங்குகிறதா?" என்று திருப்பிக் கேளுங்கள். பூச்சுதான் சுருங்கியது என்றால் நிம்மதி. அஸ்திவாரம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடியக் கூடாது, தொடங்க வேண்டும்.

முதல் படி: ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்

சாவி வாங்கும் நாளிலேயே, சாமான் எதுவும் உள்ளே வருவதற்கு முன், ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், சீலிங், தரை, ஜன்னல் மூலைகள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். பிறகு வரும் எந்த வாதத்திலும் "அன்று இது இல்லை" என்று காட்ட இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். மரவேலை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் வந்தபின் பாதிச் சுவர் மறைந்துவிடும்.

கையில் வேண்டியவை: டார்ச், பென்சில், சின்ன ஸ்கேல், ஒரு தூக்குக்குண்டு அல்லது ரசமட்டம், ஒரு வாளி, சில ஏ4 தாள்கள், ஒரு பழைய ஏடிஎம் கார்டு. கடைசி இரண்டும் விரிசலை அளக்க. ஒரு சாதாரண ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். விரிசலுக்குள் தாளே நுழையவில்லை என்றால் அது மயிரிழை. மூன்று தாள் சேர்த்து நுழைந்தால் 0.3 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டது. கார்டே உள்ளே போனால் அதை இயல்பு என்று விட்டுவிட வேண்டாம்.

டார்ச்சை விரிசலுக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். பூச்சின் மேடு பள்ளம், உப்பல், பழைய ஒட்டு எல்லாம் நிழலாகத் தெரியும். கையளிப்புக்கு முன் அவசரமாகப் பட்டி பார்த்து மறைத்த இடங்களைப் பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டாம் படி: விரிசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அகலத்தைவிட இடம்தான் முக்கியம். சுவரில் இருக்கும் 1 மில்லிமீட்டர் விரிசலைவிடப் பீமில் இருக்கும் அரை மில்லிமீட்டர் விரிசல் எனக்குக் கவலை தரும்.

சுவரும் பில்லரும் சேரும் இடத்தில் நேர்க்குத்தாக ஒரு கோடு வருவது மிகச் சாதாரணம். எங்கள் ஹாலில் வந்தது அதுதான். கான்கிரீட் ஒரு விதமாகச் சுருங்குகிறது, பிளாக் வேறு விதமாகச் சுருங்குகிறது. பூச்சு நடுவில் பிரிகிறது. பூசுவதற்கு முன் அந்த இணைப்பின்மேல் கோழி வலை அடித்திருந்தால் இது பெருமளவு குறைந்திருக்கும். ஆகவே கட்டடத்துக்கு ஆபத்து இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, வேலை சரியாகச் செய்யவில்லை என்பதும் அவ்வளவு உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லி, சரிசெய்து தரக் கேட்கலாம். அந்த இடத்தை அகலமாக வெட்டி எடுத்து, வலை வைத்து, திரும்பப் பூச வேண்டும். மேலோட்டமாகப் பட்டி மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த கோடையில் கோடு மறுபடியும் வந்து நிற்கும்.

சுவிட்ச் பாக்ஸிலிருந்து மேலே நேராக ஓடும் விரிசல், உள்ளே ஒயர் பைப்புக்காகக் காடி வெட்டி அவசரத்தில் அடைத்ததால் வருவது. சிலந்தி வலைபோல், காய்ந்த ஏரித் தரைபோல் படர்ந்திருப்பது பூச்சின் மேற்பரப்பு வேகமாகக் காய்ந்ததால் வருவது. சரியாகத் தண்ணீர் விட்டு இறுக விடாத பூச்சில் நிறைய இருக்கும். அதை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் கேட்டால் பெயிண்ட் அடிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம். உள்ளே காலியாக ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது, பெயர்த்துத் திரும்பப் பூசித்தான் ஆக வேண்டும். சீலிங் பூச்சு அப்படி ஒலித்தால் அதன் கீழே கட்டிலோ தொட்டிலோ போட வேண்டாம். பூச்சு விழுந்து அடிபடும் ஆபத்து நிஜமானது.

கடைசி மாடி வீடுகளில் சுவரும் மேல்தளமும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு ஓடும். வெயிலில் தளம் நகர்வதால் வருவது இது. மேலே நல்ல வெதரிங் கோர்ஸும் (வெயில், மழையைத் தாங்கத் தளத்தின்மேல் போடும் அடுக்கு) வெள்ளைத் தட்டோடும் இருந்தால் குறையும். அந்தக் கோடு வழியாக மழைத் தண்ணீர் வராதவரை பெரிய விஷயம் இல்லை.

ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல்தான் இயல்புக்கும் பழுதுக்கும் நடுவில் நிற்பது, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மெல்லிசாக, ஓர் அடி நீளத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் சுருக்கம். ஆனால் அது ஒரு முனையில் மெல்லிசாகவும் மறு முனையில் அகலமாகவும் இருந்தால், சுவரின் வெளிப்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால், செங்கல் வரிசையைப் பின்தொடர்ந்து படிக்கட்டுபோல் இறங்கினால், மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் அதே மூலையில் இருந்தால், அஸ்திவாரம் சீரில்லாமல் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும்: கதவு திடீரென்று பிடிக்கும், தரையில் வைத்த கோலிக்குண்டு ஒரே பக்கமாக உருளும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அதற்கு மேல் உங்கள் ஊகம் வேண்டாம், பொறியாளரை அழையுங்கள்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் போன்ற கரிசல் நிலத்திலும் மற்ற களிமண் நிலங்களிலும் தனி வீடு கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதனால் வீட்டு விரிசல் மழைக்காலத்தில் மூடிக் கோடையில் திறப்பதைப் பார்க்கலாம். அஸ்திவாரத்தை அந்த மண்ணுக்கு ஏற்றபடி போடவில்லை என்பதற்கு இது அடையாளம். வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் நடைமேடை போட்டு மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளிவிடுவதும், வேப்பமரம்போலப் பெரிதாக வளரும் மரத்தைச் சுவரோரம் வைக்காமல் இருப்பதும் நீங்கள் செய்ய வேண்டியவை. மற்றதற்கு மண் பரிசோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு பொறியாளரிடம் பேசுங்கள்.

வாசற்படி, சிட்அவுட், காம்பவுண்ட் சுவர் மட்டும் வீட்டிலிருந்து பிரிந்து இறங்குவதை நிறைய பேர் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவை பெரும்பாலும் நிரப்பு மண்ணின்மேல் நிற்கின்றன. ஒன்றிரண்டு மழையில் மண் அமுங்கி இறங்கும். வீட்டின் பில்லர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பிரிந்த இடுக்கு வழியாக அஸ்திவாரப் பக்கம் தண்ணீர் இறங்க விடக் கூடாது.

காத்திருக்கக் கூடாத விரிசல்கள்

பில்லரில் நேர்க்குத்தாக ஓடும் விரிசல். பீமின் ஓரத்தில், அதாவது பில்லரைத் தொடும் பக்கத்தில், சாய்வாக வரும் விரிசல். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வரிசையிலேயே நீளும் விரிசல், அதில் செம்பழுப்புத் துருக்கறை. கான்கிரீட் பொரிந்து கம்பி வெளியே தெரிவது. கண்ணுக்கே தெரியும்படி தளம் நடுவில் தொய்வது. பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் விரிவது.

இவற்றில் எதைப் பார்த்தாலும் அளந்துகொண்டும் காத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். பீமில், பில்லரில் இருப்பது பூச்சில் மட்டும்தானா, கான்கிரீட்டிலும் உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள ஓரிடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தாலே போதும். பொறியாளர் முதலில் செய்வதும் அதைத்தான். சாதாரண நிலையில் கான்கிரீட் பரப்பில் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. எப்போதும் ஈரத்திலோ மண்ணிலோ இருக்கும் பகுதிக்கு 0.2, கடுமையான சூழலுக்கு 0.1.

துருக்கறை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம்கூட ஆகாத கட்டடத்தில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைத் தள்ளுவது வயதால் வருவது இல்லை. கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் விடவில்லை, அல்லது உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடலோரப் பகுதிகளில் பல போர்த் தண்ணீர் இதைத் தாண்டும். "மேலே சிமெண்ட் பூசிவிடுகிறோம்" என்பது இதற்குத் தீர்வு ஆகாது. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் மாதிரியில் குளோரைடு சோதனை, கம்பியின் துரு நிலைச் சோதனை இரண்டும் கேளுங்கள்.

மூன்றாம் படி: நகர்கிறதா என்று பாருங்கள்

மேலே சொன்ன அவசர வகையில் சேராத விரிசல்களுக்கு இது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே சிறு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில், அதிக அகலமான இடத்தில் எத்தனை தாள் நுழைகிறது என்றும் எழுதுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில். மதிய வெயிலில் எடுத்த அளவையும் அதிகாலையில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மேஸ்திரிகளின் பழைய முறை ஒன்றும் உண்டு: மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்படி ஒட்டிவிடுவது. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு நகர்ந்தது என்று அது சொல்லாது. நகர்ந்தது என்பதைச் சொல்லிவிடும்.

ஒரு கோடையும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும் தாண்ட வேண்டும். முனை பென்சில் கோட்டைத் தாண்டவில்லை, அகலம் கூடவில்லை என்றால் அது அடங்கிய விரிசல்; அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். சீசனுக்கு ஏற்பத் திறந்து மூடினால் வெயிலோ மண்ணோ காரணம். ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனால் வருடம் முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இந்த ஒரு வருடத்துக்குள் விரிசலை அடைத்து அழகுபடுத்த வேண்டாம் என்பது என் கெஞ்சல். முதல் வருடமே விலையுயர்ந்த வால்பேப்பரும் டெக்ஸ்சர் பெயிண்டும் அடித்தவர்கள் எங்கள் குடியிருப்பில் நிறைய பேர். காய்ந்து முடியாத சுவரில் அடித்த காசு வீண்; பழுதின் தடயமும் அடியில் போய்விட்டது.

நான்காம் படி: தண்ணீர்

புது வீட்டின் பழுதுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். விரிசல் கண்ணை உறுத்துகிறது. ஓதம் மெதுவாக வருகிறது. சேதம் என்று பார்த்தால் ஓதம்தான் பெரியது. அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

குடிபோன முதல் சில மாதங்களில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பது உண்டு. செங்கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பு, காயும் தண்ணீரோடு வெளியே வருகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காற்றோட்டம் விட்டால் சில மாதத்தில் நின்றுவிடும். ஒரு வருடம் கழித்தும் அதே இடத்தில் பூத்தால் அங்கே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. ஈரமான இடத்தில் ஒரு முழம் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடிவையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் இருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். பக்கத்து அறையில் ஏசி ஓடிச் சுவர் குளிர்ந்தாலும், ஈரத்துணியை உள்ளேயே காயப்போட்டாலும் இப்படி வரும். இது பில்டர் பழுது இல்லை.

சுவருக்குள்ளிருந்துதான் என்றால், அடுத்த கேள்வி மழையோடு சேர்ந்து வருகிறதா என்பது. மழை பெய்த ஒன்றிரண்டு நாளில் கூடி, வெயிலில் காய்ந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டைமாடி மூன்றில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடிக்கும் பக்கத்துச் சுவரை முதலில் பாருங்கள். ஜன்னல் அடிக்கட்டை வெளியே சாய்வாக இல்லாமல் உள்ளே சாய்ந்திருந்தாலோ, சன்ஷேடின் அடியில் நீர் சொட்ட விடும் காடி இல்லாமல் தண்ணீர் ஊர்ந்து சுவருக்கு வந்தாலோ அது வேலைக் குறை.

வருடம் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாய் அல்லது பாத்ரூம் தரை. அந்த பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடி இரண்டு மூன்று நாள் வேறு பாத்ரூமைப் பயன்படுத்துங்கள். ஈரம் குறையத் தொடங்கினால் கசிவது அங்கேதான். வால்வு திறந்து, யாரும் குளிக்காமல் இருக்கும்போதும் ஈரம் தொடர்ந்தால் தண்ணீர் அழுத்தம் இருக்கும் குழாயில் கசிவு. குளித்தால் மட்டும் வந்தால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சோ, டைல்ஸ் இடுக்கோ, தண்ணீர் வெளியேறும் ட்ராப்பின் ஓரமோ. என் வீட்டில் இந்தச் சோதனையை யாராவது அன்றே சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு வருடம் பெயிண்ட் அடித்திருக்க மாட்டேன்.

குடிபோவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, தயவுசெய்து தவறவிடாதீர்கள். பாத்ரூமில் ட்ராப்பைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்கள் சீலிங்கைப் பாருங்கள். ஆவியாவதால் சிறிது குறையும். கணிசமாகக் குறைந்தாலோ கீழே நனைந்தாலோ அன்றே எழுதிக் கொடுங்கள். அப்புறம் அடைப்பைத் திறந்து, தண்ணீர் எங்கும் தேங்காமல் ட்ராப்புக்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மொட்டைமாடிக்கு ஒரு நேரடியான அளவுகோல். மழைநீர் இறங்கும் வாய்கள் இலையும் குப்பையும் அடைத்து மாடியில் தண்ணீர் நின்றால் அது நம் பொறுப்பு. வாய்கள் சுத்தமாக இருந்தும், மழை விட்டு ஒரு நாள் கழித்தும் நடுவில் குட்டை நின்றால் சரிவு சரியாகக் கொடுக்கவில்லை. அது கட்டியவர் பொறுப்பு.

தரைத்தள வீடுகளில் சுவரின் அடியிலிருந்து ஈரம் ஏறி, இரண்டு மூன்று அடி உயரத்தில் உப்புக் கோடாக நின்றால் மண்ணிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கில் குறை என்று கொள்ளலாம். ஆனால் நீங்களே தோட்டத்துக்காக வெளிச்சுவரை ஒட்டி மண்ணை உயர்த்தியிருந்தால் ஈரம் அந்த அடுக்கைத் தாண்டி ஏறும். முதலில் அதை இறக்கிவிட்டுப் பாருங்கள்.

தரை, கதவு, மின்சாரம்

டைல்ஸை ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். ஒரு மூலையில் மட்டும் காலிச் சத்தம் கேட்டால் விடலாம். முழு டைலும், அல்லது வரிசையாகப் பல டைல்களும் அப்படி ஒலித்தால் அடியில் கலவை முழுதாகப் போடவில்லை. ஒருநாள் "டமார்" என்று நடு ஹாலில் டைல்ஸ் கூரைபோல் எழும்பி நிற்பதும் நடக்கும். சுவரோரம் விரிவதற்கு இடம் விடாமல் நெருக்கிப் பதித்ததால் வருவது. இரண்டும் வேலைக் குறை. இடுக்கில் இருக்கும் கிரவுட் கறுப்பதும், சில வருடத்தில் உதிர்வதும் நம் பராமரிப்பு.

மரக்கதவு மழைக்காலத்தில் உப்பிப் பிடிப்பது மரத்தின் இயல்பு. உடனே இழைத்துவிட்டால் கோடையில் இடுக்கு விழும். தை மாதம் வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் பிடித்தால் இழைக்கலாம். நிலையே சாய்ந்திருந்தால் அது வேறு, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவருக்கு ஒரு மாடிக்குள் 3 மீட்டர் உயரத்தில் 6 மில்லிமீட்டர் சாய்வு வரைதான் செங்கல் வேலை விதி அனுமதிக்கிறது.

மின்சாரத்தில் இயல்பு என்று எதுவும் கிடையாது. குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று முனை பிளக்குகளில் எர்த் வருகிறதா என்று எல்லா அறையிலும் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாச் சாதனங்களையும் கழற்றியபின்னும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தால் ஒயரிங் கோளாறு. அதன் டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நம் வேலை.

ஐந்தாம் படி: நம் பங்கு

பராமரிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி பில்டர் தப்பிக்காமல் இருக்க, நம் வேலையை நாம் செய்து அதையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். புரட்டாசிக்குள் மொட்டைமாடி வாய்களையும் பால்கனி ட்ராப்களையும் சுத்தம் செய்வது, சிங்க் ஓரமும் ஜன்னல் ஓரமும் சிலிகான் பிரிந்தால் புதுப்பிப்பது, சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது, தொட்டி மிதவை வால்வைப் பார்ப்பது. வெளிப் பெயிண்ட் நான்கைந்து வருடத்தில் மங்குவதைப் பழுது என்று கேட்க முடியாது.

இன்னொன்று: இன்டீரியர் வேலைக்காகச் சுவரை இடித்தாலோ, பாத்ரூம் தரையை உடைத்து டைல்ஸ் மாற்றினாலோ, அந்த இடத்தில் பிறகு வரும் கசிவுக்குக் கட்டியவரைப் பொறுப்பாக்குவது கடினம். பில்லரிலும் பீமிலும் துளை போட வேண்டாம் என்று வேலைக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: எழுத்தில் கேளுங்கள்

2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு வீடு வாங்கியவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறையையோ, வேலைப்பாடு, தரம், சேவை வசதி ஆகியவற்றில் உள்ள குறையையோ பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் 30 நாளுக்குள் கூடுதல் காசு கேட்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யத் தவறினால் இழப்பீடு கேட்கலாம். "எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருட வாரண்டிதான்" என்று சொன்னால் மயங்காதீர்கள்; ஒப்பந்த வரியைவிடச் சட்டம் மேலானது.

"கவனத்துக்குக் கொண்டுவருவது" என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வாட்ஸ்அப் பேச்சோடு நிறுத்தாமல் மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் அனுப்புங்கள். "வீடு முழுக்க விரிசல்" என்று எழுதினால் பெயிண்டரை அனுப்புவார்கள். இப்படி எழுதுங்கள்: "மேற்குப் படுக்கையறை, பாத்ரூம் சுவரின் மறுபக்கம், தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம் வரை ஈரம். ஜூன் 4-இல் முதலில் பார்த்தது. பாத்ரூம் வால்வை மூன்று நாள் மூடியபோது குறைந்தது. படங்கள் இணைப்பில். காரணத்தைக் கண்டறிந்து, சரிசெய்யும் முறையை எழுத்தில் தெரிவிக்கவும்." கடைசி வரி மிக முக்கியம். எப்படிச் சரிசெய்யப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கத் தயங்குபவர்கள் மேலே பூசிவிட்டுப் போகத் திட்டமிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

30 நாள் கழிந்தும் அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு சுயேச்சையான கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை கையில் இருந்தால் நல்லது. சுத்தியல் சோதனை, ஒலி அலைச் சோதனை, தேவைப்பட்டால் கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதிப்பது என்று அவர் முடிவு செய்வார். பொது இடங்களான வெளிச்சுவர், மொட்டைமாடி, சம்ப் ஆகியவற்றுக்குச் சங்கம் சேர்ந்து ஒரே அறிக்கை வாங்கினால் செலவும் பகிரப்படும், எழுத்துக்கு எடையும் கூடும்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்த ஐந்து வருடப் பிரிவு பொருந்தாது. அங்கே உங்கள் ஒப்பந்தமும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் துணை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர் என்றால், கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் கொடுப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வாங்கியவர்கள் இன்னொரு தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்: ஐந்து வருடம் முடியும் நாள். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஒரு மழைக்காலம் கண்ட கையோடு, இதே டார்ச்சையும் தாளையும் எடுத்துக்கொண்டு வீட்டை மறுபடி முழுதாக ஒரு சுற்றுப் பாருங்கள். சாவி வாங்கிய நாளில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் குறைகளையெல்லாம் ஒரே கடிதமாக எழுதி, அந்தத் தேதிக்கு முன் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.